காகிதப்பூவும் ழான் பாரேயும்

வேலியோரம் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் குலுங்கும் காகிதப்பூவுக்கு, தாவரவியல் பெயர் போகன்வில்லா. இருபதுக்கும் குறைவான இனங்களே கொண்ட சிறிய பேரினம். தாயகம் தென்னமெரிக்கா. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி பூகன்வில்லின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அதைத் தேடிச் சேகரித்த பயணத்தில் சுமை தூக்கிய பெண்ணை நெடுங்காலம் யாரும் பேசவில்லை.

ழான் பாரே 1740இல் பிரான்சின் பர்கண்டி பகுதியில் கூலித் தொழிலாளியின் மகளாகப் பிறந்தார். தாவரவியலாளர் கொமர்சோனின் வீட்டைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். உலகைச் சுற்றிவரும் பூகன்வில்லின் பயணத்தில் கொமர்சோனுக்கு இடம் கிடைத்தது. அரசுக் கப்பலில் பெண்கள் ஏறக் கூடாது என்பது சட்டம். ஆண் வேடமிட்டு, அவருடைய உதவியாளராக 1767இல் பாரே கப்பலேறினார்.

அதே ஆண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவை அடைந்தபோது கொமர்சோனுக்குக் காலில் புண். மலையேறிச் செடி பறித்து, அழுத்தி உலர்த்திக் கட்டிச் சுமக்கும் வேலையில் பெரும்பங்கு பாரேயுடையது. எனவே காகிதப்பூ மாதிரியை எடுத்தவரே அவராக இருக்கலாம் என ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். (நாம் இதழ் என்று நினைக்கும் வண்ணப் பகுதி உண்மையில் பூவடிச் செதில், உள்ளே வெள்ளைக் குழலாக இருப்பதுதான் பூ. கவாத்து செய்தால் புதுத் தளிரில் மீண்டும் பூக்கும்.)

1768இல் தாகித்தித் தீவில் குட்டு வெளிப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் இருவரும் மொரீஷியஸில் இறங்கிக்கொண்டனர். கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளை அத்தீவுக்கு வரவழைத்த பியேர் புவாவ்ர் அவர்களுக்கு ஆதரவளித்தார். வேம்புக் குடும்பச் செடி ஒன்றுக்கு பாரேயின் பெயரைச் சூட்ட கொமர்சோன் எண்ணியிருந்தார். வெளியிடும் முன்பே, 1773இல் இறந்தார். செடிக்கு வேறு பெயர் நிலைத்தது.

ஆதரவின்றி நின்ற பாரே, 1774இல் ஒரு படைவீரரை மணந்து பின்னர் தாயகம் திரும்பினார். உலகைச் சுற்றிவந்ததாகப் பதிவான முதல் பெண் அவரே. வரவேற்பு எதுவும் இல்லை. சட்டத்தை மீறி ஏறிய அதே பெண்ணுக்கு, 1785இல் கடற்படை அமைச்சகம் அவர் பணியைப் பாராட்டி ஆண்டுக்கு 200 லீவர் ஓய்வூதியம் வழங்கியது. போகன்வில்லா என்ற பேரினம் 1789இல் அச்சேறியபோது அவர் உயிரோடுதான் இருந்தார். 1807இல் மறைந்தார்.

2012இல்தான் ஈக்வடார், பெரு நாடுகளில் வளரும், கத்தரிப் பேரினத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடிக்கு அவர் பெயர் வந்தது: சொலானம் பாரேட்டியே.