ஏமி ஜோன்சன் அம்மையார்

அரியாலையிலிருந்து நாவற்குழிப் பாலத்தின் வழியே சோளகக் காலத்தில் துவிச்சக்கர வண்டி ஓட்டிச் சென்றவர்க்குப் பக்கக்காற்றின் வலிமையை எடுத்துரைத்தல் வேண்டா. எதிர்க்காற்று வேகத்தைக் குறைக்கும்; பக்கக்காற்றோ வழியையே மாற்றிவிடும். நிலத்திற் செல்வோர்க்கே இந்நிலையெனின், மரமுந் துணியுமாய் அமைந்த சிறு விமானத்தைத் தரைக்குக் கொணர்வோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

விமானம் காற்றை எதிர்நோக்கி இறங்குதலே முறை. குறுக்கே காற்று வீசின் அது நேர்வழி விட்டு ஒதுங்கும். சக்கரம் நிலந்தொட்ட பின்னரும் காற்று வாற்புறத்தைத் தள்ள, முகம் சுழன்று சிறகு நிலத்தில் மோதும். வேகங் குறைந்தவிடத்துச் சுக்கானும் வலுவிழக்கும். ஆதலின் விமானியின் திறன் ஏறுதலினும் இறங்குதலிலேயே அறியப்படும். இறங்குதலைத் தம் வாழ்நாள் முழுதும் அரியதாகவே கண்டு, அதற்காகப் பறத்தலைக் கைவிடாதவர் ஏமி ஜோன்சன் அம்மையார்.

இவர் 1903 ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி இங்கிலாந்தின் ஹல் நகரிலே மீன் வணிகர் ஒருவரின் மகளாய்ப் பிறந்தார். செபீல்ட் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, இலண்டனிற் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்திற் பணியாற்றுங் காலத்தே விமானப் பயிற்சியை மேற்கொண்டார். பிறர் பத்து மணி நேர அளவிற் கற்பதைக் கற்க அவருக்கு ஏறத்தாழப் பதினாறு மணி நேரஞ் சென்றது. செம்மையாய் இறங்குதலே அவருக்குக் கைவரவில்லை. எனினும் அவர் மனந்தளர்ந்தாரல்லர். ஆடவர் மட்டுமே நின்ற பட்டறையிற் புகுந்து, எண்ணெய் படிந்த கையினராய் யந்திர நுட்பங்களையும் பயின்று, அதற்குரிய அனுமதிப் பத்திரத்தையும் பெற்றார்.

தந்தையாரும் வேக்பீல்ட் பிரபுவும் உதவ, 600 பவுண் விலையில் வாங்கிய பழைய ஜிப்சி மொத் விமானத்துக்கு 'ஜேசன்' எனப் பெயரிட்டு, 1930 மே 5 ஆந் திகதி குரொய்டனிலிருந்து தனியே அவுஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்டார். அதற்குமுன் அவர் சென்ற நெடுந்தூரம் இலண்டனிலிருந்து ஹல் வரையிலேயாம். பக்தாத்தை அடையுமுன் மணற்புயல் அவரைப் பாலைநிலத்தில் இறக்கியது. ஆறாம் நாள் கராச்சியை அடைந்தபோது, ஹிங்க்லர் என்பார் இந்தியாவரை நாட்டிய சாதனையை இரு நாட்களால் முறியடித்திருந்தார்.

அதன் பின்னர் இடையூறுகள் தொடர்ந்தன. எரிபொருள் குறைய, ஜான்சியிலே படைவீரர் அணிவகுப்புத் திடலில் இறங்கினார். காற்றின் திசைக்கேற்ப இடந் தெரிதற்கு அங்கே வழியில்லை; சக்கரங்களுக்குத் தடுப்பும் இல்லை. சிறகு மோதிச் சிதைந்தது. ஊர்த் தச்சர் மரத்தைச் சீர்செய்தார். தையற்காரர் துணியைத் தைத்தார். இரங்கூனுக்கு அண்மையிலுள்ள இன்செயினிலே, பந்தயத்திடலென எண்ணி விளையாட்டுத் திடலொன்றில் இறங்கவே, விமானம் பள்ளத்துட் பாய்ந்து சுழலியும் சிறகும் முறிந்தன. அங்கிருந்த அரசினர் தொழில்நுட்ப நிலையத்தாரும் மாணவரும் கைகொடுத்தனர். போர்க்காலத்து விமானத்துணியில் தைத்த சட்டைகளைப் பிரித்துச் சிறகைப் போர்த்தனராம்.

மே 24 ஆந் திகதி டார்வினை அடைந்தார். ஏறக்குறைய 11,000 மைல் தூரத்தைத் தனியே கடந்து அவுஸ்திரேலியா சேர்ந்த முதற் பெண்மணி அவரே. ஆயினும் ஐந்து நாட்களின் பின், பிரிஸ்பேனில் வரவேற்கக் கூடியிருந்த மக்கள் முன்னிலையில், விமானம் எல்லை கடந்தோடித் தலைகீழாய்க் கவிழ்ந்தது. காயமின்றி எழுந்த அவர், வேறு விமானத்திற் பயணியாகவே சிட்னி சேர்ந்தார். புகழின் உச்சியிலும் பழைய குறை அவரை விட்டகலவில்லை.

உலகப்போரிலே விமானங்களை உரிய தளங்களிற் சேர்க்கும் பணியை ஏற்றார். 1941 சனவரி 5 ஆந் திகதி கொடிய வானிலையில் வழி தவறித் தேம்ஸ் ஆற்று முகத்திலே குடைவழிக் குதித்தார், உடல் கிடைத்திலது. அவரைக் காக்க நீரிற் பாய்ந்த கப்பற்றலைவர் பிளெச்சரும் உயிர் துறந்தார்.

வகுப்பிலே ஒன்றைக் கற்கப் பிறரினும் நெடுநாள் எடுக்கும் மாணவனை ஆசிரியராகிய யாம் எளிதில் மந்தனென ஒதுக்கிவிடுகின்றோம். ஏமி அம்மையாரை அவ்வாறு ஒதுக்கியிருப்பின் உலகம் இழந்திருப்பது பெரிது. விழாக்காலத்தில் உயர்ந்தோரைப் போற்றுவது கடன். ஜான்சித் தச்சர் போன்று, முறிந்த சிறகைப் பொருத்தி ஒருவரை மீண்டும் பறக்கவிட்டு, தாம் பெயரின்றி நின்ற பழைய மாணவரும் நம்மிடை உளர். அவரையும் இந்நாளில் நினைவோமாக.