ஜான் டால்டனும் வானிலைக் குறிப்பேடும்

இரசாயன சாஸ்திரத்தில் அணுக்கொள்கையை நிலைநாட்டிய பேரறிஞராகவே ஜான் டால்டனை நம்மிற் பெரும்பாலோர் அறிவோம். ஆயின், அவர் பன்னிரண்டாம் வயது முதல் பாடஞ் சொல்லியே ஜீவித்த ஓர் எளிய உபாத்தியாயர் என்பதும், அவருடைய ஆராய்ச்சிகள் மழையையும் வெப்பத்தையும் நாடோறும் அளந்து குறிக்கும் சிறு பழக்கத்தினின்று கிளைத்தன என்பதும் பலர் அறியாதவை. அப்பழக்கத்தை அவருக்கு இளமையிற் புகட்டினோர் யாவர், அஃது அவரை எங்ஙனம் உயர்த்திற்று என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுந்தோம்.

இங்கிலாந்தின் வடமேற்கே, கம்பர்லந்து ஜில்லாவில், ஈகிள்ஸ்பீல்டு என்னும் சிற்றூரில் 1766-ஆம் ஆண்டில் டால்டன் பிறந்தார். தந்தையார் நெசவுத்தொழில் புரிந்த ஏழை. குடும்பத்தார் க்வேக்கர் சபையினர். இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராதவர்க்கு ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெறும் வழி அக்காலத்தில் அடைபட்டிருந்தது. வறுமை ஒருபுறமும் இத்தடை ஒருபுறமும் நிற்க, அச்சிறுவனுக்கு வாய்த்த பெரும் பேறு நல்லாசிரியரே. அவ்வட்டாரத்தில் வாழ்ந்த எலிஹு ராபின்சன் என்னும் க்வேக்கர் கனவான் வானிலை ஆராய்ச்சியிலும் கருவிகள் செய்வதிலும் விருப்பமுடையவர். அவர் டால்டனின் கூர்மையைக் கண்டு, கணிதமும் கருவிகளின் இயல்பும் கற்பித்து ஊக்கினார். பன்னிரண்டாம் வயதில் டால்டன் தம் ஊரிலேயே ஒரு பள்ளி நடத்தத் தொடங்கினார். மாணாக்கரிற் சிலர் அவருக்கு ஏறக்குறைய ஒத்த வயதினர் என்றால், அப்பணியின் கடுமையை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

1781-ஆம் ஆண்டில் கெண்டல் நகரத்துக் க்வேக்கர் பள்ளியில் துணையாசிரியராய் அமர்ந்தார். பின்னர்த் தமையனாருடன் சேர்ந்து அப்பள்ளியைத் தாமே நடத்தினார். அந்நகரில் ஜான் கஃப் என்னும் பெரியார் ஒருவர் இருந்தார். குழந்தைப் பருவத்தில் வைசூரியால் இரு கண்களையும் இழந்த அவர், செடி கொடிகளைத் தொட்டும் முகர்ந்துமே இனங்கண்டு கூறும் ஆற்றல் படைத்தவர். டால்டன் அவருக்கு நூல்களை வாசித்துக் காட்டுவார். அவர் டால்டனுக்கு இலத்தீனும் கிரேக்கும் உயர்கணிதமும் கற்பிப்பார். நாள்தோறும் வானிலையைக் குறித்து வருமாறு டால்டனுக்கு அறிவுறுத்தியவரும் இவரே. வானத்தைத் தம் கண்ணாற் காணவியலாத ஒருவர், பிறனொருவனை வானம் நோக்கச் செய்த அருமையை என்னென்போம்!

1787-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள், இருபது வயதினரான டால்டன் தம் குறிப்பேட்டைத் தொடங்கினார். வடவானில் தோன்றிய துருவஜோதியே அதன் முதற்குறிப்பு. விலைகொடுத்துக் கருவிகள் வாங்கும் வசதியின்மையால், பாரமானியையும் உஷ்ணமானியையும் தம் கையாலேயே செய்து கொண்டார். காற்றின் பாரம் மிகுந்தால் குழாயிலுள்ள பாதரசம் உயரும், குறைந்தால் தாழும். புனலின் வாயிலாகக் கலத்திற் சேர்ந்த மழைநீர், நிலத்தின்மேல் எவ்வளவு ஆழம் நிற்கும் என்பதைக் காட்டும். இவை ஒரு சிறுவனும் அறியக்கூடிய நியாயங்களே. கெஸ்விக் நகரில் பீட்டர் கிராஸ்த்வெய்ட் என்பாரும் இவ்வாறே அளந்து வந்தமையால், ஈரிடத்து அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க டால்டனுக்கு இயன்றது. 1793-இல் இவற்றைத் தொகுத்து வானிலை பற்றிய தம் முதல் நூலை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே மான்செஸ்டர் நகரத்துப் புதுக்கல்லூரியிற் கணித ஆசிரியரானார்.

அளத்தல் அவரை வினவச் செய்தது. பெய்யும் மழை, ஆறுகளும் ஊற்றுக்களும் பெருகுதற்குப் போதுமோ என ஐயுற்று, நண்பர் தாமஸ் ஹாயிலுடன் கலமொன்றில் மண்ணிட்டு நிலத்திற் புதைத்து, அதில் வீழ்ந்த நீரையும் ஒழுகிய நீரையும் 1796 முதல் மூன்றாண்டுகள் அளந்தார். நீராவி காற்றில் எங்ஙனம் தங்குகிறது, கனத்த வாயுவும் இலேசான வாயுவும் பிரியாது கலந்து நிற்பதேன் என்னும் வினாக்கள் தொடர்ந்தன. அவற்றினின்று, கலவையிலுள்ள ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய அழுத்தத்தைத் தனித்தே செலுத்தும் என்னும் விதி பிறந்தது. 1803-இல் அணுக்களின் ஒப்பு நிறைகளைப் பட்டியலிட்டார். 1808-இல் இரசாயன தத்துவம் பற்றிய அவரது பெருநூலின் முதற்பகுதி வெளிவந்தது.

அவர் அளவுகள் யாவும் திருத்தமானவை என்று நாம் கூறவில்லை. நீரில் ஹைட்ரஜன் அணு ஒன்றும் ஆக்ஸிஜன் அணு ஒன்றுமே உள என்று அவர் கொண்டது பிழையாயிற்று. வேறொரு பிழையோ அவர் பெருமையையே விளக்குகின்றது. தமக்குச் சில நிறங்கள் புலப்படாமையை 1794-இல் ஆராய்ந்துரைத்த அவர், தம் கண்ணினுள் உள்ள நீர் நீலநிறமாயிருத்தலே காரணம் எனக் கருதினார். தாம் இறந்தபின் கண்களை அறுத்துச் சோதிக்குமாறும் கேட்டுக்கொண்டார். சோதித்தபோது அந்நீர் தெளிந்தேயிருந்தது. பாதுகாக்கப்பட்ட அக்கண்ணின் திசுவை 1995-இல் ஆய்ந்தோர், பரம்பரையாய் வந்த குறையே மெய்க்காரணம் என உறுதிப்படுத்தினர். தம் கருத்தையும் அளவுகோலுக்கு உட்படுத்த அஞ்சாதவரே மெய்யான சாஸ்திரி.

1800-இல் கல்லூரிப் பதவியை விட்டபின், தனி மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லியே காலங்கழித்தார். வெப்பத்திற்கும் வேலைக்குமுள்ள தொடர்பைப் பின்னாளில் அளந்து புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜூல் சிறுவனாய் இருந்தபோது அவரிடங் கற்றவரே. 1837-இல் பாரிசவாயு டால்டனைத் தாக்கியது; குறிப்பேடோ நிற்கவில்லை. 1844-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், நடுங்கிய கையால் அன்றைய சிறுமழையைக் குறித்து வைத்தார். மறுநாட் காலை உயிர் நீத்தார். ஐம்பத்தேழு ஆண்டுகளில் அவர் எழுதிய குறிப்புகள் 2,00,000-க்கு மேற்பட்டன. அவர் உடலைக் கண்டு அஞ்சலி செய்தோர் 40,000 பேர் என்பர். 1940-ஆம் ஆண்டு டிசம்பரில் மான்செஸ்டர் மேல் வீழ்ந்த குண்டுகளால் அவருடைய காகிதங்களிற் பல எரிந்து போயின.

ஏடுகள் எரியினும், ஆசிரியர் ஒருவர் மாணாக்கனுக்குத் தந்த பழக்கம் எரிவதன்று. நம் கல்லூரியினின்றும் பள்ளிகளுக்கு ஆசிரியராய்ச் செல்வோர் உளர். அவர்தம் பள்ளியில் விலையுயர்ந்த கருவி ஒன்றும் இல்லாதிருக்கலாம். ஒரு புனலும், குறிகளிட்ட குப்பியும், கோடிட்ட ஏடும் போதும். நேற்று எவ்வளவு மழை பெய்தது என்று சிறுவனொருவன் கேள்வியாற் கூறாது, தானே அளந்து கூறுவானாயின், ஜான் கஃப் செய்த பணி அங்கும் தொடங்கிற்று என்று நாம் கொள்ளலாம்.