பி. யு. சின்னப்பா

பி. யு. சின்னப்பா (மே 5, 1916 – செப்டம்பர் 23, 1951) தமிழ் நாடக, திரைப்பட நடிகரும் பாடகரும் ஆவார். புதுக்கோட்டை உலகநாதபிள்ளை சின்னப்பா என்பதன் சுருக்கமே பி. யு. சின்னப்பா. 1940-களில் எம். கே. தியாகராஜ பாகவதருக்கு இணையான புகழுடன் விளங்கினார். தமிழ்த் திரைப்படங்களில் நடிப்பவரே தம் சொந்தக் குரலில் பாடிய காலத்தின் முன்னணிக் கலைஞர்களுள் இவரும் ஒருவர். ஒலிவாங்கி இல்லாத நாடக மேடையில் பயின்ற குரலை, ஒலிவாங்கியை மையமாகக் கொண்ட திரைப்படத்துக்குக் கொண்டுவந்த தலைமுறையைச் சேர்ந்தவர்.

பிறப்பும் இளமையும்

சின்னப்பா அன்றைய புதுக்கோட்டை சமத்தானத்தின் தலைநகரான புதுக்கோட்டையில் உலகநாத பிள்ளைக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். சமத்தானம் 1948 இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. தனி மாவட்டமாக 1974 இல் உருவானது.

தந்தை நாடக நடிகர் என்பதால் சின்னப்பாவுக்குச் சிறு வயதிலேயே மேடை அறிமுகமானது. பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளுடன் நின்றுவிட்டது. சிலம்பம், குத்துச்சண்டை, எடை தூக்குதல் ஆகியவற்றில் இவருக்கு ஈடுபாடு இருந்தது. இந்தப் பயிற்சி பின்னாளில் சண்டைக் காட்சிகளில் கைகொடுத்தது.

நாடக வாழ்க்கை

சின்னப்பா சிறுவனாக இருந்தபோது தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கு இவருக்குச் சிறு வேடங்களே கிடைத்தன. சில மாதங்களில் அதிலிருந்து விலகி மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். தொடக்கத்தில் இவருக்கு மாதம் 15 ரூபாய் ஊதியம் வழங்கப்பட்டது. இவர் தனியாகப் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்ட கம்பெனி முதலாளி, கதாநாயகன் வேடம் அளித்து ஊதியத்தை 75 ரூபாயாக உயர்த்தினார் எனக் கூறப்படுகிறது. எம். ஜி. இராமச்சந்திரன், காளி என். ரத்தினம் ஆகியோரும் இக்குழுவில் இருந்தவர்களே.

அக்கால நாடகக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி வசதி இல்லை. தரையில் அமர்ந்திருக்கும் கடைசி வரிசை மக்களுக்கும் நடிகரின் குரல் கேட்க வேண்டும். ஆர்மோனியத்தையும் கூட்டத்தின் இரைச்சலையும் மீறி அது ஒலிக்க வேண்டும். எனவே நாடக நடிகர்கள் உயர்ந்த சுருதியில் பாடப் பழகினர். எஸ். ஜி. கிட்டப்பா இம்முறையில் பெரும்புகழ் பெற்றிருந்தார். உயர்ந்த சுருதி, தெளிவான உச்சரிப்பு, நீண்ட மூச்சு ஆகிய மூன்றும் மேடை நடிகருக்கு இன்றியமையாதவை ஆயின.

பாய்ஸ் கம்பெனி நடிகர்களுக்குப் பதின்ம வயதில் ஒரு சோதனை காத்திருந்தது. மகரக்கட்டு எனப்படும் குரல் உடையும் பருவம் வந்தால் அதுவரை பாடிய சுருதியில் பாட இயலாது. பலருடைய மேடை வாழ்வு அத்துடன் முடிந்துபோனது. சின்னப்பா பாய்ஸ் கம்பெனியிலிருந்து விலகிப் புதுக்கோட்டைக்குத் திரும்பினார். அங்கு முறையாகக் கருநாடக இசை பயின்றார். உடற்பயிற்சியையும் தொடர்ந்தார். பின்னர் ஸ்பெஷல் நாடகங்களில் நடித்தார்.

திரைப்படத்துறையில்

ஜுபிடர் நிறுவனம் தயாரித்து ராஜா சாண்டோ இயக்கிய சந்திரகாந்தா (1936) சின்னப்பாவின் முதல் திரைப்படம். இதில் இளவரசன் வேடம் ஏற்றார். தொடர்ந்து ராஜமோகன் (1937), அநாதைப் பெண் (1938), யயாதி (1938), பஞ்சாப் கேசரி (1938), மாத்ருபூமி (1939) ஆகிய படங்களில் நடித்தார். அதன் பின் சில காலம் வாய்ப்புகள் குறைந்தன. மனம் தளர்ந்த இவர் மௌன விரதம் மேற்கொண்டார் என்றும், துறவு பூண எண்ணினார் என்றும் கூறுவர்.

சேலம் மாடர்ன் தியேட்டர்சு நிறுவனர் டி. ஆர். சுந்தரம் இவருக்கு உத்தமபுத்திரன் (1940) படத்தில் இரட்டை வேடம் அளித்தார். தமிழில் ஒரு நடிகர் இரட்டை வேடத்தில் தோன்றிய முதல் படமாக இது கருதப்படுகிறது. இப்படம் பெற்ற வெற்றி சின்னப்பாவை முன்னணி நடிகராக்கியது. ஆர்யமாலா (1941), மனோன்மணி (1942), கண்ணகி (1942) ஆகியவையும் பெரும் வெற்றி பெற்றன. கண்ணகியில் இவர் கோவலனாகவும் பி. கண்ணாம்பா கண்ணகியாகவும் நடித்தனர். குபேர குசேலா (1943) படத்தில் இவர் குபேரனாக நடிக்க, பாபநாசம் சிவன் குசேலராக நடித்தார்.

1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதர் கைதானார். அவர் 1947 இல்தான் விடுதலை பெற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் பாடி நடிக்கும் கதாநாயகர்களில் சின்னப்பாவே முதன்மையானவராக இருந்தார்.

அக்கால ஒலிப்பதிவு முறை

சின்னப்பா திரையுலகில் நுழைந்தபோது காட்சியும் ஒலியும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் பதிவு செய்யப்பட்டன. ஒலி அலைகள் ஒளியின் ஏற்ற இறக்கமாக மாற்றப்பட்டுப் படச்சுருளில் பதிந்தன. சென்னையின் முதல் ஒலிப்பட ஸ்டூடியோவான சீனிவாசா சினிடோன் 1934 இல் இயங்கத் தொடங்கியது. அதன் உரிமையாளர் ஏ. நாராயணனின் மனைவி மீனாட்சி அங்கு ஒலிப்பதிவாளராகப் பணியாற்றினார். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளராக அவர் கருதப்படுகிறார்.

அன்றைய ஒலிவாங்கிகளில் பல எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஒலியைச் சமமாகப் பெற்றன. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1930-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ரிப்பன் வகை ஒலிவாங்கி, முன்னும் பின்னும் வரும் ஒலியை ஏற்றுப் பக்கவாட்டு ஒலியைக் குறைத்தது. ஆயினும் தொலைவில் பேசும் ஒருவரின் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. இதனால் பின்வரும் சிக்கல்கள் எழுந்தன:

* ஒலிவாங்கி படச்சட்டத்துக்குள் தெரியக்கூடாது. ஆகவே அது நடிகரின் தலைக்கு மேல் தொங்கவிடப்பட்டது. தொலைவு கூடினால் குரல் மெலிந்து, சுற்றுப்புற இரைச்சல் மிகுந்தது.
* நடிகர் ஒலிவாங்கியின் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டியிருந்தது. அக்காலப் பாடல் காட்சிகளில் நடிகர்கள் அசைவின்றி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.
* ஆர்மோனியம், தபேலா முதலிய கருவிகளை வாசிப்போர் படக்கருவியின் பார்வைக்குச் சற்று வெளியே அமர்ந்து வாசித்தனர்.
* பாடலின் இடையே பிழை நேர்ந்தால் காட்சி முழுவதையும் மீண்டும் எடுக்க வேண்டும்.
* பகலொளியில், திறந்தவெளியில் படம்பிடித்தபோது காக்கைகள் கரைவதும் பதிவானது. அவற்றை விரட்டுவதற்கென்றே ஸ்டூடியோக்களில் ஆள் வைத்திருந்தனர்.

இச்சூழலில் உரத்த, தெளிவான குரல் அழகியல் தேவையாக மட்டுமன்றித் தொழில்நுட்பத் தேவையாகவும் இருந்தது. ஒலிவாங்கி எட்டத்தில் இருந்தாலும் இரைச்சலை மீறிப் பதியக்கூடிய குரல் நாடகப் பயிற்சி பெற்றவர்களிடமே இருந்தது. முதல் இருபது ஆண்டுகளில் தமிழ்த் திரைப்படக் கதாநாயகர்கள் பலர் நாடக மேடையிலிருந்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஒலியும் படமும் பிரிதல்

ஏவி. மெய்யப்பனின் நந்தகுமார் (1938) படத்தில் நடிகர் ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். இது தமிழில் பின்னணிப் பாடல் முறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பாடலை முன்பே தனியாகப் பதிவு செய்து, படப்பிடிப்பின்போது ஒலிக்கவிட்டு, நடிகர் அதற்கேற்ப வாயசைக்கும் முறை படிப்படியாகப் பரவியது.

சின்னப்பா நடித்த ஜகதலப்பிரதாபன் (1944) இம்மாற்றத்தின் பயனைக் காட்டும் படமாகும். பட்சிராஜா பிலிம்சு சார்பில் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய இப்படத்தின் ஒரு பாடல் காட்சியில் ஐந்து சின்னப்பாக்கள் ஒரே நேரத்தில் திரையில் தோன்றுவர். பாடகரும் பக்கவாத்தியக் கலைஞர்களும் அவரே. இத்தகைய காட்சிக்குப் படக்கருவியின் வில்லையில் ஒரு பகுதியை மறைத்து, அதே படச்சுருளைத் திரும்பச் சுற்றிப் பலமுறை படம்பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நடிப்பு ஒரே தாளத்துக்குப் பொருந்த வேண்டுமானால், ஒலி படத்திலிருந்து தனியே பிரிந்திருப்பது அவசியம்.

இதே பிரிவு, பாடத் தெரியாதவரும் கதாநாயகனாக நடிக்க வழி திறந்தது. சின்னப்பா இறந்த மறு ஆண்டு வெளியான பராசக்தி (1952) படத்தில் சிவாஜி கணேசனுக்காக சி. எஸ். ஜெயராமன் பாடினார். சின்னப்பாவைப் போலவே புதுக்கோட்டையில் பிறந்த ஜெமினி கணேசனுக்கு ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீனிவாஸ் ஆகியோரின் குரல்கள் பொருந்தி அமைந்தன. ஒரே ஊரைச் சேர்ந்த இவ்விரு நடிகர்களும் தமிழ்த் திரையிசையின் இரு வேறு காலங்களுக்கு எடுத்துக்காட்டுகளாக உள்ளனர்.

தொலைவிலுள்ள குரலைத் தனித்துப் பெறும் கருவியும் பின்னர் வந்தது. ஷாட்கன் மைக் எனப்படும் நீள்குழாய் ஒலிவாங்கியில், குழாயின் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒவ்வொரு துளை வழியாகவும் சற்று முன்பின்னாக நுழைவதால் தன்னைத்தானே வலுவிழக்கச் செய்துகொள்ளும். நேர்முன்னிருந்து வரும் ஒலி குறைவின்றிச் சென்றடையும். இதன் முன்னோடிகள் 1930-களின் இறுதியில் அமெரிக்காவில் உருவாயின. 1960-களுக்குப் பின் இவ்வகை ஒலிவாங்கிகள் உலகத் திரைப்படங்களில் பரவலாயின. தமிழ்த் திரைப்படத்துறை அதற்குள் குரலைப் பின்னர்ச் சேர்க்கும் முறைக்குப் பழகிவிட்டிருந்தது. படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்யும் முறை ஹே ராம் (2000) போன்ற படங்களின் வழியே மீண்டும் கவனம் பெற்றது.

தனிவாழ்க்கை

பிருதிவிராஜன் (1942) படத்தில் தம்முடன் நடித்த ஏ. சகுந்தலாவைச் சின்னப்பா 1944 இல் மணந்தார். இவர்களுடைய மகன் பி. யு. சி. ராஜபகதூரும் திரைப்படங்களில் நடித்துள்ளார். சின்னப்பா தம் வருவாயைக் கொண்டு புதுக்கோட்டையில் ஏராளமான வீடுகளை வாங்கினார். இவர் மேலும் வீடுகள் வாங்கக்கூடாது எனச் சமத்தான அரசு தடை விதித்ததாக ஒரு செய்தி வழங்கி வருகிறது.

இறுதிக்காலம்

மங்கையர்க்கரசி (1949) படத்தில் சின்னப்பா மூன்று வேடங்களில் நடித்தார். அதே ஆண்டில் ரத்னகுமார் வெளியானது. பாய்ஸ் கம்பெனித் தோழரான எம். ஜி. இராமச்சந்திரன் அதில் சிறு வேடம் ஏற்றிருந்தார். 1951 செப்டம்பர் 23 அன்று புதுக்கோட்டையில் திரைப்படம் பார்த்து வீடு திரும்பிய சின்னப்பா திடீரென இரத்த வாந்தி எடுத்து இறந்தார் எனக் கூறப்படுகிறது. அப்போது அவருக்கு வயது 35. அவர் நடித்த சுதர்சன் அவரது மறைவுக்குப் பின் வெளியானது.

நடித்த திரைப்படங்களுள் சில

* சந்திரகாந்தா (1936)
* உத்தமபுத்திரன் (1940)
* ஆர்யமாலா (1941)
* மனோன்மணி (1942)
* கண்ணகி (1942)
* பிருதிவிராஜன் (1942)
* குபேர குசேலா (1943)
* ஹரிச்சந்திரா (1944)
* ஜகதலப்பிரதாபன் (1944)
* கிருஷ்ண பக்தி (1949)
* மங்கையர்க்கரசி (1949)
* ரத்னகுமார் (1949)
* வனசுந்தரி (1951)
* சுதர்சன் (1951)