சிறைமதிலைக் கடந்த அன்பு

சிறைத்தண்டனையின் கொடுமை உடல் வருத்தத்தோடு முடிவதில்லை. சுற்றத்தாரிடமிருந்தும் நண்பரிடமிருந்தும் ஒருவரைப் பிரித்து, உலகம் அவரை மறக்குமாறு செய்வதும் அதன் கொடுமையே. கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனாரின் சிறைவாழ்வு, அக்கொடுமையை அன்பு எவ்வாறு தாங்கி நின்றது என்பதைக் காட்டுகிறது.

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையைப் போலவே வழக்கறிஞரானார். ஆங்கிலேயரின் கடல் வணிகத்துக்கு எதிராக 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளரின் உரிமைப் போராட்டத்துக்குத் துணைநின்றார். அவ்வாண்டு மார்ச் 12 அன்று சுப்பிரமணிய சிவாவுடன் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். காவலர் சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர்.

வழக்கு நடந்த காலத்தில், தாமிரபரணிக் கரையில் உள்ள பாளையங்கோட்டைச் சிறைக்குப் பாரதியார் வந்து நண்பரைக் கண்டு சென்றார். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அச்செய்தியைக் கேட்ட வ.உ.சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பிறழ்ந்தார். மனைவி மீனாட்சி அம்மையாரோ சிறு குழந்தைகளோடும் பெருகிய வறுமையோடும் குடும்பத்தைத் தாங்கினார். உயர்நீதிமன்ற மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது.

கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சி. மாடுபோல் செக்கிழுத்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொங்குநாட்டுக்கு உற்றார் நினைத்தபோது வந்து செல்ல இயலாது. அந்த ஊரில் அவருக்கு உறவாக வாய்த்தவர் வழக்கறிஞர் சி.கே.சுப்பிரமணிய முதலியார். பின்னாளில் பெரியபுராணத்துக்குப் பேருரை வரைந்த சான்றோர் இவர். அரசின் சினத்துக்கு ஆளான ஒருவரைச் சிறைவாயிலில் காத்திருந்து காண்பது, நீதிமன்றத்தில் தொழில் புரிவோருக்கு எளிய செயலன்று. எனினும் அவர் பலமுறை சென்று கண்டார். இயன்ற உதவிகளைச் செய்தார்.

நேரில் காண இயலாதவர்களை வ.உ.சி. எழுத்தால் கண்டார். உறவினருக்கும் நண்பருக்கும் செய்யுள் வடிவில் கடிதங்கள் எழுதினார். அதிகாரிகள் படித்துப் பார்த்த பின்னரே சிறைக்கடிதங்கள் வெளியே செல்லும். அக்கட்டுக்குள்ளும் ஒரு மகனாக, கணவனாக, நண்பராகத் தம் கடமையை அவர் விடாது பேணினார். சிறையில் இயற்றிய பாடல்கள் பின்னர்ப் பாடற்றிரட்டு என்னும் நூலில் இடம்பெற்றன.

1910இல் அவர் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அரபிக்கடலோரத்து அச்சிறை, பிறந்த மண்ணுக்கு இன்னும் தொலைவானது. அங்கும் அவர் தளரவில்லை. உடனிருந்த கைதிகளுக்கு அறநெறி கற்பித்தார். மெய்யறம் என்னும் நூல் அங்கே உருவாயிற்று. ஜேம்ஸ் ஆலனின் நூலை மனம்போல வாழ்வு எனத் தமிழாக்கியதும் சிறைவாழ்வின் பயனே.

1912 டிசம்பர் 24 அன்று விடுதலையானபோது, முன்னர் அவர் உரை கேட்கத் திரண்ட பெருங்கூட்டம் வாயிலில் இல்லை. கப்பல் நிறுவனம் அழிந்திருந்தது. வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் சிறுகடை வைத்துப் பிழைக்கும் நிலையும் நேர்ந்தது. வறுமையிலும் அவர் நன்றி மறக்கவில்லை. சிறையில் தம்மை வந்து கண்ட நண்பரின் நினைவாக ஒரு மகனுக்குச் சுப்பிரமணியம் எனப் பெயரிட்டார். வழக்கறிஞர் உரிமையை மீட்டுத் தந்த நீதிபதி வாலஸ் என்னும் ஆங்கிலேயரின் நினைவாக மற்றொரு மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்த அவர் ஆங்கிலேயர் எல்லாரையும் பகைக்கவில்லை என்பதற்கு இது சான்று.

1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் வ.உ.சி. மறைந்தார். அவர் இழுத்த செக்கு இன்று சென்னை காந்தி மண்டப வளாகத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. அதைக் காண்போர், அத்துன்பக் காலத்தில் அவரைத் தேடிச் சிறைவாயிலுக்குச் சென்றவர்களையும் நினைத்தல் வேண்டும்.