அஞ்சல்வழி ஆசான் சாண்டோ

தமிழ்நாட்டில் கையில்லாத பனியனைச் 'சாண்டோ பனியன்' என்பார்கள். எம்.ஜி.ஆர். நடித்த பல படங்களைத் தயாரித்த சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னாலும் 'சாண்டோ' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் இளமையில் உடற்பயிற்சியில் பேர்பெற்றவர். பலசாலி என்றாலே சாண்டோ என்று சொல்லும் அளவுக்குத் தமிழில் கலந்துவிட்ட இந்தச் சொல் உண்மையில் ஓர் ஐரோப்பியரின் பெயர்.

யூஜின் சாண்டோ இறந்து நூறாண்டு ஆகிவிட்டது. நவீன உடற்கட்டுக் கலையின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள். என்னைக் கவர்ந்தது அவருடைய புஜபலம் அல்ல. முகம் பார்த்திராத மாணவர்களுக்கு அவர் அஞ்சல் வழியே பயிற்சி தந்த முறைதான்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரான ரெங்கத்தில் என் பெரியப்பா மகன் சிறிய உடற்பயிற்சி மையம் நடத்துகிறார். உறுப்பினர்கள் ஏறக்குறைய எழுபது பேர். கட்டண நினைவூட்டல், பிறந்தநாள் வாழ்த்து, வராதவர்களுக்கு அழைப்பு ஆகிய எல்லாம் புலனத்தில் தானாகவே போகும்படி செய்து தருமாறு அண்ணன் என்னைக் கேட்டுக்கொண்டார். அந்த வேலைக்காகத் தேடிப் படித்தபோதுதான் சாண்டோவின் வாழ்க்கை என் கண்ணில் பட்டது.

சர்க்கஸிலிருந்து லண்டனுக்கு

1867ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் அவர் பிறந்தார். அந்நகரம் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். பெற்றோர் இட்ட பெயர் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர். இளமையில் ஊரை விட்டுக் கிளம்பி சர்க்கஸில் சேர்ந்தார். பிரஸ்ஸல்ஸ் நகரில் அட்டிலா என்ற பயிற்றுநர் அவருக்கு ஆசானாக அமைந்தார். 1889இல் லண்டன் மேடையில் சாம்சன் என்ற பலசாலியின் சவாலை ஏற்று வென்றார். ஒரே இரவில் புகழ் வந்தது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது அமெரிக்கர்களும் அவரைக் காணத் திரண்டனர்.

இதோடு நின்றிருந்தால் அவர் ஒரு வேடிக்கைக் கலைஞராகவே மறைந்திருப்பார். ஆனால், தம் உடலைக் காட்டுவதைவிடப் பிறர் உடலைத் தேற்றுவதே நிலைக்கும் தொழில் என்பதை அவர் உணர்ந்தார். 1897இல் லண்டனில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றைத் திறந்தார். மறு ஆண்டு ஒரு மாத இதழையும் தொடங்கினார். அவருடைய நூல்கள் பல நாடுகளுக்குப் போயின.

படிவமும் பதிலும்

லண்டனில் இருப்பவர் நேரில் வரலாம். தொலைவில் இருப்பவர் என்ன செய்வார்? அவருக்காகத்தான் அஞ்சல்வழிப் பயிற்சி. சேர விரும்புவோர் வயது, உயரம், எடை, மார்பளவு, உடலில் உள்ள குறை முதலியவற்றைப் படிவத்தில் எழுதி அனுப்புவார்கள். அதற்கேற்ற பயிற்சி அட்டவணை அஞ்சலில் திரும்பி வரும்.

அவருடைய நூலிலும் இதே போக்கைக் காணலாம். ஏழு வயதுச் சிறுவனுக்கும் பதினேழு வயது இளைஞனுக்கும் ஒரே கணக்கை அவர் தரவில்லை. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்பத் தனித்தனி அட்டவணைகள் இருந்தன. எத்தனை முறை தொடங்குவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஒன்றைக் கூட்டுவது என்பதுவரை அவற்றில் குறித்திருந்தார். மாணவர்கள் சில மாதங்கள் கழித்துத் தங்கள் புதிய அளவுகளை எழுதி அனுப்பினர். அக்கடிதங்கள் அச்சேறின.

1901 செப்டம்பர் 14ஆம் நாள் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் தம் மாணவர்களுக்காக அவர் மாபெரும் போட்டி நடத்தினார். எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில் நடுவர்களில் ஒருவர். தசை பெரிதா என்பதை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. உடலின் சமநிலை, தோலின் நிலை, பொது ஆரோக்கியம் ஆகியவற்றுக்கும் மதிப்பு இருந்தது.

பிறகு உலகப் பயணம். இந்தியாவிலும் அவர் மேடையேறினார். பின்னாளில் பெங்களூரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய கே.வி.ஐயரும் அஞ்சல்வழிப் பயிற்சி தந்தார் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

சாண்டோவிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல நோய்களைப் பயிற்சியாலேயே தீர்க்கலாம் என்று அவருடைய விளம்பரங்கள் அளவுக்கு மீறி வாக்களித்தன. அவர் தொடங்கிய கொக்கோ பான வணிகம் முதல் உலகப் போர்க் காலத்தில் நொடித்துப்போனது. 1925 அக்டோபர் 14ஆம் நாள் லண்டனில் காலமானார். அவருடைய கல்லறை பல்லாண்டுகள் பெயர்ப்பலகையின்றிக் கிடந்தது. இன்றோ மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் வெல்பவர் கையில் ஏந்துவது அவருடைய உருவச்சிலையைத்தான்.

பெயர் போட்டால் போதுமா?

அஞ்சலில் போன அட்டவணைகளும் ஒருவகையில் தானியங்கிச் செய்திகள்தாம். எல்லாக் கடிதத்தையும் சாண்டோவே உட்கார்ந்து எழுதியிருக்க முடியாது. பயிற்சிகளும் பெரும்பாலும் ஒன்றே. ஆனாலும் மாணவர் எழுதிய வயதும் அளவும் குறையும் அவருக்கு வந்த பதிலை மாற்றின. என் பார்வையில் தனிக்கவனம் என்பது இதுதான்.

இன்று நமக்கு வரும் செய்திகளில் நம் பெயர் தவறாமல் இருக்கிறது. ஆனால், நம்மைப் பற்றிய வேறெதுவும் இல்லை. என் தோழி ஒருத்தி வேறோர் ஊரில் ஒரு மையத்தில் சேர்ந்திருந்தாள். முழங்காலில் அறுவைச் சிகிச்சை என்று முகப்பில் சொல்லிவிட்டுத்தான் விடுப்பு எடுத்தாள். மூன்றாவது வாரம் அவளுடைய பெயரைப் போட்டு, சாக்குப்போக்குச் சொல்லாமல் உடனே வரும்படி செய்தி வந்தது. கட்டிலில் படுத்தபடி அதைப் படித்தவள் அதன்பின் அங்கே போகவேயில்லை. பெயர் சரியாக இருந்ததுதான் அவளை அதிகம் வருத்தியது.

ஆகவே, அண்ணன் மையத்தில் வேலையை இரண்டாகப் பிரித்தோம். கட்டண நினைவூட்டலும் விடுமுறை அறிவிப்பும் தானாகப் போகும். அவை சுருக்கமாக, இயல்பான அறிவிப்பாகவே இருக்கும். ஒருவர் பத்து நாள் வராவிட்டால் செய்தி அவருக்குப் போகாது, அண்ணனுக்கு வரும். அண்ணன் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைப்பார். செம்பனைத் தோட்டத்தில் வேலை நேரம் மாறியவருக்கும் நீரிழிவுக்காக நடைப்பயிற்சி செய்யும் அக்காவுக்கும் ஒரே வாசகம் பொருந்தாதல்லவா?

சேரும்போதே ஒரு தாளில் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறோம்: எதற்காகச் சேர்கிறீர்கள், உடலில் வலியோ காயமோ உண்டா, செய்தி தமிழிலா மலாயிலா? உடல்நலத் தகவல் என்பதால் எழுத்துவழி ஒப்புதலும் பெறுகிறோம். நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அத்தகவலை நுண்ணிய தரவாகக் கருதி, உரியவரின் வெளிப்படையான ஒப்புதலைக் கேட்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் வீட்டு வணிகத்துக்குப் புலனக் கணக்கைக் கவனித்துக்கொள்கிறீர்கள். அம்மாவின் பலகாரக் கடையாகவும் இருக்கலாம், மாமாவின் முடிதிருத்தும் நிலையமாகவும் இருக்கலாம். தானியங்கிச் செய்தியை அமைப்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பதில் எழுதினால் அதை யார் படிப்பார்கள்? படித்தபின் அடுத்த செய்தி மாறுமா? இரண்டுக்கும் விடை இருந்தால் மட்டும் அந்தச் செய்தியில் அவருடைய பெயரைப் போடுங்கள்.