பூசணிக்காய் கிண்டலால் போன உயிர்? ரோமின் கான்கிரீட் கூரைகளைக் கட்டிய அப்பல்லோடோரஸின் கதை

ரோம் நகரில் டிராஜன் சந்தை என்று ஒரு கட்டடம் இருக்கிறது. கட்டி கிட்டத்தட்ட 1,900 வருடம் ஆகிறது. அதன் பெரிய ஹாலுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், மேலே இருப்பது கான்கிரீட் கூரை. உள்ளே ஒரு கம்பி கூட கிடையாது. ஆனாலும் நிற்கிறது.

இந்தக் கூரையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அப்பல்லோடோரஸ். பேரரசர் டிராஜனின் நம்பிக்கைக்குரிய கட்டடக் கலைஞர். அடுத்து வந்த பேரரசர் ஹேட்ரியன் இவரைக் கொன்றுவிட்டார் என்கிறது ஒரு பழைய வரலாற்று நூல். காரணம்? ஒரு பூசணிக்காய்!

யார் இந்த அப்பல்லோடோரஸ்?

சொந்த ஊர் டமாஸ்கஸ், அதாவது இன்றைய சிரியாவின் தலைநகர். இவரைப் பெரிய ஆளாக்கியது போர்க்களம். இன்றைய ருமேனியா பகுதியில் இருந்த டேசியா நாட்டோடு டிராஜன் மோதிக்கொண்டிருந்த நேரம். படைகள் டான்யூப் ஆற்றைக் கடக்க வேண்டும். கி.பி. 103 முதல் 105-க்குள் அப்பல்லோடோரஸ் அங்கே ஒரு பாலத்தைக் கட்டி முடித்தார். நீளம் 1 கிலோமீட்டருக்கும் மேல். ஆற்றுக்குள் 20 தூண்கள், அவற்றின் மேல் மரத்தால் ஆன வளைவுகள். ஓடுகிற தண்ணீரில் அஸ்திவாரம் போடுவது இன்றைக்கே லேசான வேலை இல்லை.

106-ல் டேசியா வீழ்ந்தது. அங்கிருந்து வந்த செல்வத்தை வைத்து டிராஜன் ரோமையே மாற்றிக் கட்ட ஆரம்பித்தார். 109-ல் பிரம்மாண்டமான குளியல் மண்டபம், 112-ல் டிராஜன் மன்றம் என வரிசையாகத் திறப்பு விழாக்கள். மன்றத்துக்கு இடம் போதாமல் குன்றின் சரிவையே வெட்டி எடுத்தார்கள். வெட்டிய குன்று எவ்வளவு உயரம் என்பதைக் காட்டத்தான் அங்கே இருக்கும் தூண் என்று அதன் அடியிலேயே கல்வெட்டு சொல்கிறது. தூண் சுமார் 30 மீட்டர்! வெட்டிய அந்தச் சரிவை ஒட்டித்தான் டிராஜன் சந்தை ஏறி நிற்கிறது. ஒரே திட்டத்தின் பகுதி என்பதால் அதுவும் அப்பல்லோடோரஸின் கைவண்ணம் என்றே ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள்.

கம்பி இல்லாமல் எப்படி நிற்கிறது?

ரோமானியர்களின் கலவையில் சிமென்ட் கிடையாது. சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைச் சேர்த்தார்கள். இது சாதாரண சுண்ணாம்புச் சாந்தைவிடப் பல மடங்கு இறுகும். நம்ம ஊர் மேஸ்திரிகள் போடுவது மாதிரியே அவர்களும் மரத்தில் சென்ட்ரிங் அடித்தார்கள். அதன் மேல் சாந்தையும் கல், செங்கல் துண்டுகளையும் அடுக்கடுக்காகப் போட்டு, இறுகியதும் மரத்தைப் பிரித்துவிடுவார்கள்.

பீப்பாயை நீளவாக்கில் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி கூரை போட்டால், பாரம் இரண்டு பக்கச் சுவர் முழுக்க இறங்கும். சுவர் தடிமனாக இருக்க வேண்டும், பெரிய ஜன்னல் வைக்க முடியாது. அதே மாதிரி இரண்டு கூரைகள் குறுக்கே வெட்டிக்கொண்டால் கதையே வேறு. பாரம் நான்கு மூலைகளுக்குப் போய்விடும். நடுவில் சுவருக்குப் பெரிய வேலை இல்லை, தாராளமாகத் திறந்துவிடலாம். டிராஜன் சந்தை ஹாலில் இப்படி ஆறு கூரைகள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே வெளிச்சம் கொட்டுவது இதனால்தான்.

சரி, பூசணிக்காய் எங்கே வந்தது?

கதையைச் சொல்பவர் காசியஸ் டியோ. ஒரு நாள் டிராஜனும் அப்பல்லோடோரஸும் ஏதோ கட்டடம் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இளைஞர் ஹேட்ரியன் நடுவில் மூக்கை நுழைத்தாராம். கடுப்பான அப்பல்லோடோரஸ், உனக்கு இதெல்லாம் புரியாது, போய் உன் பூசணிக்காய்களை வரை என்கிற மாதிரி சொல்லிவிட்டார். ஹேட்ரியன் அப்போது பெருமையாக வரைந்துகொண்டிருந்தது பூசணிக்காய் மாதிரி வரிவரியாகப் புடைத்த குவிமாடங்களை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

117-ல் டிராஜன் இறந்தார். ஹேட்ரியன் பேரரசர் ஆனார். அவமானத்தை மறக்கவில்லை, அப்பல்லோடோரஸை நாடு கடத்தினார். பிறகு, நீ இல்லாமலேயே பெரிய வேலை நடக்கும் பார் என்று காட்டுவதற்காக, தானே வடிவமைத்த வீனஸ் - ரோமா கோயிலின் வரைபடத்தை அவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். இந்த இடத்தில் எந்த அதிகாரியும் சூப்பர் என்று சொல்லித் தப்பித்திருப்பார். இவர் சொல்லவில்லை. கோயிலை இன்னும் உயரமாக எழுப்பியிருக்க வேண்டும் என்றார். உள்ளே அமர்ந்திருக்கும் தேவியர் சிலைகள் அளவுக்கு மீறிப் பெரிசு, அவர்கள் எழுந்து வெளியே போக நினைத்தால் கூட முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். விமர்சனம் சரி என்பதுதான் ஹேட்ரியனை அதிகம் சுட்டது. கொல்ல உத்தரவு போட்டார் என்கிறார் டியோ.

இதை அப்படியே நம்ப முடியுமா? டியோ எழுதியது சுமார் 100 வருடம் கழித்து, அதுவும் ஹேட்ரியனை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் கொலைக் கதையைச் சந்தேகிப்பவர்கள் நிறைய பேர். ஆனால் பூசணிக்காய் வெறும் கற்பனை இல்லை. ரோமுக்கு அருகே டிவோலியில் ஹேட்ரியன் கட்டிய மாளிகையில், நடுவிலிருந்து புடைத்த பட்டைகள் விரியும் கான்கிரீட் குவிமாடங்கள் சிதைந்த நிலையில் இன்னமும் இருக்கின்றன. பார்த்தால் பூசணிக்காயேதான்.

இன்னொரு விவகாரமும் ஓடுகிறது. ஹேட்ரியன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பாந்தியன் கோயிலின் குவிமாடம், 43.3 மீட்டர் அகலம். கம்பி போடாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றும் உலகிலேயே பெரியது இதுதான். அடியில் கனமான கல், உச்சியில் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல் என மேலே போகப் போக எடையைக் குறைத்திருக்கிறார்கள். அதன் செங்கற்களில் இருக்கும் முத்திரைகளை ஆராய்ந்ததில், பல கற்கள் டிராஜன் காலத்தவை என்று தெரியவந்தது. அப்படியென்றால் வேலையைத் தொடங்கியது அப்பல்லோடோரஸாக இருக்கலாமோ என்று சில ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். நேரடி ஆதாரம் கிடையாது. வாசலில் பெரிதாகப் பொறித்திருப்பது, அதே இடத்தில் முன்பு கோயில் கட்டிய அக்ரிப்பாவின் பெயர்.

அந்த டான்யூப் பாலம்? எதிரிகள் அதன் வழியாக வந்துவிடுவார்கள் என்று சொல்லி, அதன் மேல்பகுதியை ஹேட்ரியன் பிரித்துவிட்டதாக டியோ எழுதுகிறார். தூண்களின் மிச்சம் ருமேனியக் கரையிலும் செர்பியக் கரையிலும் இன்றைக்கும் நிற்கிறது.