லிண்ட்லி மரே

லிண்ட்லி மரே (1745 – 1826) அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்து மறைந்த ஆங்கில இலக்கண நூலாசிரியர் ஆவார். 1795 ஆம் ஆண்டில் வெளிவந்த இவரது ஆங்கில இலக்கண நூல், 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலம் பயின்ற நாடுகளில் மிகப் பரவலாகப் பயன்பட்ட பாடநூல்களுள் ஒன்றாகும். இவரது பாடநூல்கள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 2 கோடிப் படிகள் விற்றிருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. இணைப்புச் சொற்களால் சேர்க்கப்படும் வினைச்சொற்கள் ஒத்த காலத்திலும் ஒத்த பாங்கிலும் அமைய வேண்டும் என்னும் விதியைப் பள்ளி மாணவர் பலருக்கு அறிமுகம் செய்தது இந்நூலே.

இளமை

மரே பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்வட்டாரா என்னுமிடத்தில் குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் இவரே மூத்தவர். தந்தை ராபர்ட் மரே மாவு ஆலை உரிமையாளராகத் தொடங்கி, பின்னர் நியூயார்க்கின் முன்னணி வணிகர்களுள் ஒருவராக உயர்ந்தவர். இன்று மன்ஹாட்டனில் மரே ஹில் என்று வழங்கும் பகுதி இக்குடும்பத்தின் பண்ணை இருந்த இடமாகும்.

தந்தை கண்டிப்பு மிக்கவர். ஒருமுறை தண்டனைக்கு உள்ளானதால் மனம் வெறுத்த சிறுவன் வீட்டைவிட்டு வெளியேறி, நியூ ஜெர்சியின் பர்லிங்டன் நகரில் இருந்த உறைவிடப் பள்ளியொன்றில் தானே சேர்ந்து பிரெஞ்சு மொழி பயின்றான். உறவினர் தலையிட்டுச் சமாதானம் செய்த பின்னரே வீடு திரும்பினான். வணிகக் கணக்கறையில் அமர விரும்பாத மகனைத் தந்தை இறுதியில் சட்டம் பயில அனுமதித்தார். வழக்கறிஞர் பெஞ்சமின் கிஸ்ஸாம் என்பவரிடம் பயின்றபோது இவருடன் படித்தவர் ஜான் ஜே. இவரே பின்னாளில், 1789 இல், ஐக்கிய அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதியானார். மரே 1767 இல் ஹன்னா டாப்சன் என்பவரை மணந்தார்.

போரும் வணிகமும்

அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியபோது மரே குடும்பத்தின் நிலை சிக்கலானது. பிரித்தானியப் பொருள்களை இறக்குமதி செய்வதில்லை எனக் குடியேற்ற நாடுகள் முடிவு செய்திருந்த 1775 இல், குடும்ப நிறுவனத்தின் பியூலா என்னும் கப்பலிலிருந்து சரக்குகள் மறைவாக இறக்கப்பட்டன. இது வெளியானதும் பெரும் எதிர்ப்பு எழுந்தது.

லிண்ட்லி மரே நியூயார்க்கை விட்டு லாங் ஐலண்டின் இஸ்லிப் பகுதிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கினார். அங்கே உப்புத் தட்டுப்பாட்டைக் கருதி உப்புக் காய்ச்சும் தொழிலைத் தொடங்க முயன்றார். நியூயார்க் பிரித்தானியர் வசமாகி வெளியிலிருந்து உப்பு வரத் தொடங்கியதால் முயற்சி பயனற்றுப் போயிற்று. பின்னர் நகரம் திரும்பி, பிரித்தானியர் ஆட்சியிலிருந்த அந்நகரில் வணிகம் செய்து, போர் முடிவதற்குள் ஓய்வு பெறும் அளவுக்குச் செல்வம் ஈட்டினார்.

1784 இல் மனைவியுடன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். தசைத் தளர்ச்சியால் நடக்க இயலாமல் போனதே காரணம் என்று தமது வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியுள்ளார். ஆனால் போர்க்கால வணிகத்தால் எழுந்த பகையும் இப்பயணத்துக்குக் காரணம் எனச் சில ஆய்வாளர் வாதிடுகின்றனர். நோய் உண்மையானது என்பதில் ஐயமில்லை. இரு காரணங்களும் சேர்ந்திருந்தன எனக் கொள்வதே பொருத்தமாகும். சில காலம் தங்கித் திரும்பும் எண்ணத்துடன் சென்றவர் மீண்டும் அமெரிக்காவைக் காணவில்லை.

ஹோல்கேட் இல்லமும் இலக்கண நூலும்

யார்க் நகரை அடுத்த ஹோல்கேட்டில் ஒரு வீட்டை வாங்கி மரே குடியேறினார். நடப்பது அரிதானது, தோட்டத்தில் சக்கர நாற்காலியில் உலவினார். குரலும் தளர்ந்தது. வாழ்நாளின் கடைசிப் பதினாறு ஆண்டுகளை வீட்டுக்குள்ளேயே கழித்தார்.

யார்க்கில் குவேக்கர்கள் நடத்திய பெண்கள் பள்ளியொன்று இருந்தது. அதன் இளம் ஆசிரியைகளுக்கு ஆங்கில இலக்கணம் கற்பிக்கத் தகுந்த நூல் கிடைக்கவில்லை. அவர்கள் மரேயின் இல்லத்துக்கு வந்து பாடம் கேட்டனர். பின்னர் அப்பாடங்களை நூலாக்கித் தருமாறு வேண்டினர். அவ்வேண்டுகோளின் விளைவே 1795 இல் வெளிவந்த நூல். உலகெங்கும் பரவிய ஓர் இலக்கணம் ஒரே ஒரு சிறு பள்ளிக்காக எழுதப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

1797 இல் பயிற்சி நூலும் அதற்கான விடை நூலும், 1799 இல் இங்கிலீஷ் ரீடர் என்னும் வாசிப்பு நூலும் வெளிவந்தன. பயிற்சி நூலில் பிழையான வாக்கியங்களைக் கொடுத்து மாணவரே திருத்தும்படி செய்தார். 1804 இல் எழுத்துக்கூட்டல் நூலொன்றும் வந்தது.

வினைகளை இணைத்தல் பற்றிய விதி

மரேயின் தொடரியல் 22 விதிகளாக அமைந்தது. அவற்றுள் 18 ஆவது விதி இணைப்புச் சொற்களைப் பற்றியது. இணைக்கப்படும் வினைகள் ஒரே காலத்தையும் ஒரே பாங்கையும் கொண்டிருக்க வேண்டும்; பெயர்கள் ஒரே வேற்றுமையில் நிற்க வேண்டும் என்பது இதன் சாரம். காலமோ பாங்கோ மாறினால் எழுவாயை மீண்டும் கூறுவதே பெரும்பாலும் முறை என்றும் அவர் சேர்த்துள்ளார். இவ்விதிக்கு அவர் காட்டும் வாக்கியமொன்றில் விரும்புதல், நாடுதல் ஆகிய இரு வினைகள் இணைந்து, நற்பண்பு என்னும் ஒரே செயப்படுபொருளைக் கொள்கின்றன.

இதனைத் தமிழ் மாணவர் எளிதில் உணர ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். வணிகர்கள் குதிரைகளை வாங்கவும் விற்கவும் செய்தனர் என்பதை ஆங்கிலத்தில் 'த மெர்ச்சன்ட்ஸ் பாட் அண்ட் ஸோல்ட் ஹார்ஸஸ்' எனலாம். 'பாட்', 'ஸோல்ட்' ஆகிய இரண்டும் இறந்தகால முற்றுகள். 'ஹார்ஸஸ்' என்னும் பன்மைப் பெயர் இறுதியில் ஒருமுறை மட்டும் வந்து இரண்டுக்கும் பொருளாகிறது. தமிழில் செயப்படுபொருள் முன்னே வந்துவிடுகிறது. முதல் வினையும் பெரும்பாலும் எச்சமாகிவிடும். குதிரைகளை வாங்கி விற்றனர் என்றால் வாங்கியது முன், விற்றது பின் என்ற வரிசையும் புலப்படுகிறது. ஆங்கிலத்திலோ முதல் வினை முற்றாகவே நிற்கிறது. அதன் செயப்படுபொருள் எதுவென அறிய வாசகர் அடுத்த வினையையும் கடந்து செல்ல வேண்டும்.

இங்கே பிழைக்கும் இடமுண்டு. 'ஹி லிஸன்ட் அண்ட் ஒபேட் ஹிஸ் டீச்சர்ஸ்' என்று ஒருவர் எழுதினால், 'ஒபேட்' என்னும் வினை ஆசிரியர்கள் என்பதை நேரே ஏற்கும். 'லிஸன்ட்' என்பதோ 'டு' என்னும் முன்னிடைச்சொல் இன்றி ஏற்காது. பொதுவான செயப்படுபொருள் ஒவ்வொரு வினைக்கும் தனித்தனியே பொருந்த வேண்டும். 'ஹி லிஸன்ட் டு ஹிஸ் டீச்சர்ஸ் அண்ட் ஒபேட் தெம்' என்பதே சரியான வடிவம். வாக்கியத்தின் எல்லாப் பகுதிகளும் ஒன்றோடொன்று இசைய வேண்டும் என்னும் மரேயின் 22 ஆவது விதி இத்தகைய பிழைகளையே குறிவைக்கிறது. இரு வேறு முன்னிடைச்சொற்களை ஒரே பெயருக்கு முன் நிறுத்துவதைக்கூட அவர் அழகற்றது எனக் கடிந்தார். இக்கருத்து ராபர்ட் லவுத் 1762 இல் வெளியிட்ட இலக்கணத்திலிருந்து வந்ததாகும். இன்றைய இலக்கண அறிஞர் இதனைப் பிழையாகக் கொள்வதில்லை. முறைசார்ந்த உரைநடையில் இவ்வமைப்பு இயல்பாகவே வருகிறது.

பொதுப் பொருள் ஏன் ஒருமுறை மட்டும் வருகிறது என்பதற்கு மரே சொற்குறைவையே காரணமாகக் கொண்டார். அலுப்பூட்டும் மறுகூறலைத் தவிர்க்கச் சில சொற்கள் விடப்படுகின்றன என்பது அவரது 21 ஆவது விதி. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாற்றிலக்கண அறிஞரும் ஏறத்தாழ இதே வழியில் சென்று, இணைந்த வினைகளை இரு வாக்கியங்களின் சுருக்கமாக விளக்கினர். ஆனால் பன்மைப் பொருளோடு எண் சேரும்போது இவ்விளக்கம் தடுமாறுகிறது. ஒருவர் ஐந்து குதிரைகளை வாங்கினார். ஐந்து குதிரைகளை விற்றார் எனப் பிரித்துச் சொன்னால் குதிரைகள் மொத்தம் பத்தாகவும் இருக்கலாம். வினைகளை இணைத்து ஐந்து குதிரைகள் என்று ஒருமுறை மட்டும் கூறினால், வாங்கியதும் விற்றதும் அதே ஐந்து என்றே பெரும்பாலும் கொள்வோம். எனவே இரு வினைகளும் முதலில் ஓர் அலகாகச் சேர்ந்து, அதன் பின்னரே பொருளை ஏற்கின்றன என்னும் விளக்கம் பின்னர் வலுப்பெற்றது.

மதிப்பீடுகள்

மரேயின் விதிகளில் பல அவருடைய சொந்தக் கண்டுபிடிப்புகள் அல்ல. லவுத், ஜோசப் பிரீஸ்ட்லி முதலியோரிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார். தொடக்கத்தில் பெயர் குறிப்பிடாதது குறித்துக் குறை எழுந்தது. பின்வந்த பதிப்பில் முதன்மையான ஆசிரியர்களின் பெயர்களைத் தந்தார். தம்மைத் தொகுப்பாளர் என்றே அவர் கருதினார். எதை எந்த வரிசையில் மாணவருக்குத் தரவேண்டும் என்பதை அறிந்திருந்ததே அவரது திறமை எனலாம்.

கடுமையாகத் தாக்கியவர்களுள் கூல்ட் பிரவுன் என்னும் அமெரிக்க இலக்கண ஆசிரியர் முதன்மையானவர். அவரும் குவேக்கர் சமயத்தவரே. 1851 இல் வெளியான தமது பெருநூலில் மரேயின் பிழைகளைப் பக்கம் பக்கமாகப் பட்டியலிட்டார். 1868 இல் ஜார்ஜ் வாஷிங்டன் மூன் என்பவர் மரேயின் ஆங்கிலத்திலுள்ள பிழைகளைச் சுட்டவே தனி நூல் எழுதினார். மறுபுறம், இங்கிலீஷ் ரீடர் நூலை ஆபிரகாம் லிங்கன் பெரிதும் பாராட்டியதாக அவருடன் பணியாற்றிய வழக்கறிஞர் பதிவு செய்துள்ளார்.

மரேயின் பெயர் இலக்கணத்துக்கே மறுபெயராயிற்று. 1851 இல் வெளியான மோபி டிக் புதினத்தில் வினைத் திரிபுகளை ஒப்பிக்கும் சிறுவனைக் கண்டு மாலுமி ஒருவர் மரேயின் இலக்கணத்தை நினைக்கிறார். சார்லஸ் டிக்கின்சின் ஓல்ட் கியூரியாசிட்டி ஷாப் புதினத்தில் வரும் மெழுகுச் சிலைக் காட்சிக்காரி, பள்ளி மாணவியர் வருகைக்காகக் கோமாளி ஒருவரின் சிலையை மரேயாக மாற்றி வைக்கிறாள்.

இறுதிக்காலம்

நூல்களால் வந்த வருவாயை மரே அறப்பணிகளுக்கே செலவிட்டார். யார்க்கில் 1796 இல் திறக்கப்பட்ட ரிட்ரீட் மனநலக் காப்பகத்துக்கும் ஆதரவளித்தார். மனைவியின் காலத்துக்குப் பின் எஞ்சும் செல்வம், அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களை விடுவிக்கவும், அவர்தம் வழித்தோன்றல்களுக்குக் கல்வியளிக்கவும், அமெரிக்கப் பழங்குடியினரின் கல்விக்கும் பயன்பட வேண்டும் என உயில் எழுதினார்.

1826 இல் ஹோல்கேட் இல்லத்தில் தமது 80 ஆவது வயதில் காலமானார். கடித வடிவில் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளை, எலிசபெத் பிராங்க் என்பவர் அதே ஆண்டில் வெளியிட்டார். மனைவி ஹன்னா 1834 வரை வாழ்ந்தார். இலக்கணம் எழுதப்பட்ட பெண்கள் பள்ளி அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1814 இல், மூடப்பட்டது. 1831 இல் யார்க்கில் குவேக்கர்கள் மீண்டும் ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினர். அதுவே மவுண்ட் பள்ளி எனப் பெயர் பெற்றது. ஹோல்கேட் தோட்டத்தில் இருந்த மரேயின் கோடை மண்டபம் பின்னர் அப்பள்ளி வளாகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது.